பாளையங்கோட்டையில் பத்து நாள் குறும்படப் பயிற்சி முகாம்: ஒரு தாயின் மதிப்புரை

இந்த ஆண்டு மே மாதம் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் பத்து நாள் நடந்த குறும்படப் பயிற்சி முகாமில் என் மகளையும் என் அண்ணன் மகனையும் சேர்த்திருந்தோம். மகளுக்கு வயது 13, அவனுக்கு 15. ஒரு பிள்ளைக்குக் கட்டணம் 4,500 ரூபாய். காலை ஏழு மணி முதல் பன்னிரண்டரை வரை வகுப்பு; கடைசி நான்கு நாட்கள் மட்டும் மாலை ஆறரை வரை நீண்டது. மொத்தம் 22 பிள்ளைகள், மூன்று பயிற்றுநர்கள். அவர்களில் ஒருவர் பெண். முகாமின் பெயரை நான் எழுதவில்லை. இத்தகைய முகாம்களில் பயிற்றுநர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறிவிடுகிறார்கள். ஒரே பெயரில் அடுத்த கோடையில் நடப்பது முற்றிலும் வேறொன்றாக இருக்கலாம். அங்கே என்ன கற்பித்தார்கள், எப்படிக் கற்பித்தார்கள், எங்கே தவறினார்கள் என்று விவரமாக எழுதினால், திருநெல்வேலி வட்டாரத்தில் எந்த முகாமில் சேர்ப்பதற்கு முன்பும் பெற்றோர் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் சென்ற ஆண்டின் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். நகரின் வேறொரு பகுதியில் நடந்த ஐந்து நாள் முகாம் ஒன்றில் மகளைச் சேர்த்திருந்தேன். விளம்பரத்தில் டிரோன் இருந்தது, கிரேன் இருந்தது, விலை உயர்ந்த கேமராவும் இருந்தது. அவை அனைத்தும் முகாமிலும் இருந்தன. ஆனால் அவற்றை இயக்கியவர்கள் அந்த அமைப்பின் ஆட்கள். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள், சொன்ன இடத்தில் நின்று நடித்தார்கள். என் மகளையும் மற்ற மூன்று பெண் பிள்ளைகளையும் ஒப்பனைக்கும் உடைக்கும் பொறுப்பாகப் போட்டார்கள். கடைசி நாளில் திரையில் ஓடிய படம் பார்க்க நேர்த்தியாகவே இருந்தது. இறுதியில் எல்லாப் பிள்ளைகளின் பெயர்களும் வந்தன, கைதட்டினோம். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தவள், "அம்மா, அந்தப் படத்துல நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த ஆண்டு முகாமை நாள்தோறும் கவனித்தேன்.

முதல் நாள் பெற்றோரையும் உடன் இருக்கச் சொன்னார்கள். கேமராவும் இல்லை, கைப்பேசியும் இல்லை. ஒரு வகுப்பறையின் சன்னல்களைக் கறுப்பு அட்டைகளால் முழுக்க மூடி, ஓர் அட்டையில் மட்டும் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய துளை ஒன்றை இட்டு, கதவையும் அடைத்துவிட்டார்கள். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆயின. பிறகு எதிர்ச்சுவரில் மெல்ல மெல்ல வெளியில் நின்ற வேப்பமரம் தலைகீழாகத் தெரியத் தொடங்கியது. வானம் தரையை ஒட்டிக் கிடந்தது. தெருவில் போன ஆட்டோ கூரையை ஒட்டி ஓடியது. நிறங்கள்கூட அப்படியே இருந்தன. ஒளி நேர்கோட்டில் செல்வதால் மரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி துளை வழியே நுழைந்து சுவரின் அடியில் விழுகிறது, அடியிலிருந்து வருவது மேலே விழுகிறது என்று பயிற்றுநர் விளக்கினார். பிறகு துளையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, ஒரு வெள்ளைத் தாளை அதன் அருகே முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னார். ஓர் இடத்தில் மட்டும் இலைகள் தனித்தனியாகத் தெளிந்தன. ஃபோக்கஸ் என்பது என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டைப்பையில் உள்ள கைப்பேசிக் கேமராவும் ஓர் இருட்டறைதான் என்பது 22 பிள்ளைகளுக்கும் அரை மணி நேரத்தில் கண்ணால் பார்த்தே புரிந்தது. நல்ல வெயில் இருந்தால்தான் இது இவ்வளவு துலக்கமாகத் தெரியும். திருநெல்வேலி மே மாதத்தில் அதற்குக் குறைவில்லை.

அன்றே சினிமா எப்படி நம் ஊர்களுக்கு வந்தது என்பதையும் சொன்னார்கள். 1895 டிசம்பர் 28 இல் பாரிஸில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டியதில் தொடங்கி, திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டியது வரை கதையாகச் சொன்னார்கள். என் அப்பாவும் அன்று வந்திருந்தார். கொட்டகையில் தரை டிக்கெட் எடுத்து, முன்னால் இருப்பவர் தலை மறைக்காதபடி மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுமாறு பயிற்றுநர் அவரைக் கேட்டுக்கொண்டார். பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பத்து நிமிடங்களுக்கு இடம் கொடுத்த பயிற்றுநர்கள் மீது எனக்கு அன்றே மதிப்பு உண்டாயிற்று.

இரண்டாம் நாள் முழுவதும் ஒலி. எனக்கு இந்த முகாமில் மிகவும் பிடித்தது இதுதான். காலை ஆறரை மணிக்குக் குறுக்குத்துறை முருகன் கோயில் படித்துறைக்கு அழைத்துச் சென்று, ஆளுக்கொரு படியில் கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லி, பிறகு காதில் விழுந்தவற்றை எழுதச் சொன்னார்கள். முதல் முறை பெரும்பாலோர் நான்கைந்து ஒலிகளையே எழுதினார்கள். இரண்டாம் முறை பட்டியல் நீண்டது: கல்லில் துணி அடிக்கும் ஓசை, அது எதிர்க்கரையில் மோதித் திரும்பும் ஓசை, கல் தூண்களுக்கிடையில் தண்ணீர் நுழையும் சலசலப்பு, தொலைவில் ரயில், ஒரு செம்போத்தின் குரல், பக்கத்தில் இருப்பவரின் மூச்சு. வாய்பேச்சைக் காலர் மைக்கில் எடுக்கும்போது சட்டைத் துணி உரசாமல் எப்படிக் குத்துவது, ஆற்றங்கரைக் காற்றுக்குப் பஞ்சுறை ஏன் வேண்டும், படம் எடுத்து முடித்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெறும் ஒலியைத் தனியாக ஏன் பதிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதன் பிறகே வந்தன. இந்தக் கடைசிப் பழக்கத்தின் அருமை படத்தொகுப்பின்போது தெரிந்தது. இரண்டு வெட்டுகளுக்கு நடுவில் ஒலி அறுந்து பள்ளமாகிப் போகும் இடங்களை அந்த ஒரு நிமிட ஒலியை வைத்தே நிரப்பினார்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய, அசையாமல் நின்று ஒரு நிமிடம் எண்ணிய பிள்ளைகளைப் பார்த்தபோது, இவர்களால் காத்திருக்க முடியாது என்று நாம் சொல்வது எவ்வளவு தவறு என்று தோன்றியது.

மூன்றாம் நாள் கைப்பேசி கைக்கு வந்தது. இங்கே பயிற்றுநர்களின் தெளிவைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலான கைப்பேசிகள் வினாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப்படங்கள், என்ற அளவிலேயே வருகின்றன. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்குகளும் சில எல்இடி விளக்குகளும் வினாடிக்கு நூறு முறை மங்கி எரிகின்றன. ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம், 1/60 வினாடியில் இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். அதனால் 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, இரண்டு விதமாகவும் எடுத்து அருகருகே காட்டினார்கள். வெளிச்சத்தையும் ஃபோக்கஸையும் விரலால் அழுத்திப் பூட்டுவது, ஜூம் செய்யாமல் கால்களால் நடந்து கிட்டே போவது, நடுப்பகல் வெயிலில் முகம் எடுக்க நேர்ந்தால் பழைய வெள்ளை வேட்டியை இருவர் தலைக்குமேல் விரித்துப் பிடித்து வெயிலைத் தணிப்பது, தெர்மாகோல் அட்டையால் கண்ணுக்குக் கீழே விழும் நிழலை நிரப்புவது ஆகியவை எல்லாம் செலவின்றிக் கற்கக்கூடியவை. சென்ற ஆண்டு கிரேனைப் பார்த்து என் மகள் கற்றுக்கொண்டதைவிட இந்த வேட்டி அதிகம் கற்றுத்தந்தது.

வேலைகளைப் பிரித்த விதம் குறிப்பிட வேண்டிய ஒன்று. ஒவ்வொரு நாளும் சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் இயக்கம், யார் கேமரா, யார் ஒலி, யார் கிளாப் என்று முடிவு செய்தார்கள். பத்து நாட்களில் எந்தப் பிள்ளையும் ஒரே வேலையில் தங்கவில்லை. பெண் பிள்ளைகள் கேமராவுக்குப் பின்னாலும் ஆண் பிள்ளைகள் உடை எடுத்து வைப்பதிலும் இருந்தது யாருக்கும் வியப்பாகத் தோன்றாத அளவுக்கு இயல்பாக நடந்தது. மாலைப் படப்பிடிப்புகளில் பெண் பயிற்றுநர் தவறாமல் உடனிருந்தார். என் அண்ணனுக்கு முதலில் இருந்த தயக்கம் அதனால்தான் நீங்கியது.

கதை எழுதும் நாளில் பிள்ளைகள் கொண்டுவந்தவை பெரும்பாலும் கொலை, கடத்தல், பேய். பயிற்றுநர் அவற்றை ஏளனம் செய்யவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: இதில் நீ நேரில் பார்த்தது எது? கதை நடக்கும் இடம் முகாமிலிருந்து அரை மணி நேரத் தொலைவுக்குள் இருக்க வேண்டும், படம் நான்கு நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் விதித்தார். பேய்க்கதை எழுதியவன், தன் வீட்டில் இரவு மின்சாரம் போனால் தாத்தாவின் இருமல் மட்டும் கேட்பதுதான் தான் உண்மையில் பயந்தது என்று சொன்னானாம். அந்தப் படம் பிறகு மிக நன்றாக வந்தது.

என் மகளின் குழு எடுத்தது வெள்ளத்தைப் பற்றிய படம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டதை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில் ஓர் ஆச்சி, தன் வீட்டுச் சுவரில் அன்று தண்ணீர் நின்ற உயரத்தைக் காட்டும் கறையை வெள்ளையடிக்கும்போதும் விட்டுவைத்திருந்தார். அந்தக் கறையும் அவருடைய விரலும் குரலும்தான் படம். முதல் நாள் கேமரா இல்லாமல் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும் என்பது முகாமின் விதி. பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். மறுநாள் எடுக்கத் தொடங்கியதும், அவர் தண்ணீர் ஏறியதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு பேருந்து நீண்ட நேரம் ஹார்ன் அடித்தது. ஒலிப்பொறுப்பில் இருந்த பையன் நிறுத்தச் சொன்னான். மீண்டும் சொல்லச் சொன்னார்கள். அடுத்த முறை ஒரு நாய், அதற்கடுத்த முறை குக்கர் விசில். நான்காவது முறை கேட்டபோது ஆச்சி, "எதுக்கு தாயி, ஒரே கதையத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லுத?" என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு அவர் சொன்னதில் உயிர் இல்லை. பள்ளியில் ஒப்பிப்பதைப் போலச் சொல்லி முடித்தார்.

அன்று மாலை நான்கு பதிவுகளையும் வரிசையாகப் போட்டுக் கேட்டார்கள். ஒலி மிகத் தெளிவாக இருந்தது நான்காவது. ஆனால் குரல் நடுங்கியதும், தன் மாட்டைக் கயிறு அறுத்து விட்டதைச் சொல்லும்போது அவர் சற்று நிறுத்தி மூச்சு வாங்கியதும் முதல் பதிவில் மட்டுமே இருந்தன. எதை வைப்பது என்று பயிற்றுநர் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் வாதிட்டு, ஹார்ன் ஒலியோடு முதல் பதிவையே வைப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். அந்தக் குரலின்மேல் சுவரையும் விரலையும் தனியாக எடுத்த காட்சிகளைப் பொருத்தினார்கள். ஒருவரை அவருடைய துயரத்தை மறுபடி சொல்லச் சொல்வது அவரிடமிருந்து எதையோ பறிப்பது என்று என் மகள் இரவில் என்னிடம் சொன்னாள். அதை எந்தக் கையேட்டிலிருந்தும் அவளுக்கு நான் வாசித்துக் காட்டியிருக்க முடியாது. படத்தில் இருப்பவர்கள்தான் அதை முதலில் பார்க்க வேண்டும் என்று முகாமில் இன்னொரு விதியும் இருந்தது. திரையிடலுக்கு முந்தைய மாலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனார்கள். ஒரு வரியை மட்டும், மகனைப் பற்றிய வரியை, எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டார்கள்.

இந்த விதிக்காக மட்டுமே இந்த முகாமை நான் பிறருக்குப் பரிந்துரைப்பேன்.

ஐந்தாம் நாள் சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடைக்குப் பாய் நெசவைப் பார்க்க அழைத்துச் சென்றார்கள். புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாயின் கோரையைக் கிழித்து, நீரில் ஊறவைத்து, சாயமேற்றி, பட்டுப் போல மெலிதாக நெய்வது வரை ஒரு வேலையின் எல்லாப் படிகளையும் ஒரே வளாகத்தில் பார்க்க முடியும் என்பதால் இடத் தேர்வு சரியானதே. கை, முகம், கைக்கும் முகத்துக்கும் உள்ள உறவு, முழு இடம், யாரும் எதிர்பாராத ஒரு கோணம் என ஐந்து ஷாட்டுகளில் ஒரு வேலையைச் சொல்ல வேண்டும் என்பது அன்றைய பயிற்சி. ஆனால் ஒரு சிறு முற்றத்தில் 22 பிள்ளைகள் ஒரே நேரத்தில் நுழைந்தது தவறு. நெய்துகொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. ஆச்சி வீட்டில் கடைப்பிடித்த விதியை இங்கே கடைப்பிடிக்கவில்லை. அவர்களுக்கு அன்று இழந்த நேரத்துக்கு ஏதேனும் கொடுத்தார்களா என்று கேட்டேன். தேநீரும் பலகாரமும் கொடுத்ததாகச் சொன்னார்கள். அது போதாது. நெய்து கூலி வாங்குபவரின் அரை நாளை வாங்கினால் அதற்குரிய பணத்தைக் கட்டணத்திலேயே சேர்த்து வசூலிக்கலாம். எந்தப் பெற்றோரும் மறுக்க மாட்டார்கள்.

இன்னொரு குழு வில்லுப்பாட்டை எடுத்தது. கோயில் கொடைத் திருவிழா நடக்கவிருந்த ஒரு கிராமத்துக்குப் போய், கலைஞர்களின் ஒப்புதலோடு, வில்லில் கட்டிய மணிகளின் ஒலி, உடுக்கை, ஜால்ரா, குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது எழும் ஆழ்ந்த ஒலி என ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து வந்தார்கள். ஐந்து குழுக்களின் படங்களுக்கும் பின்னணி இசையாக அந்த ஒலிகளே பயன்பட்டன. திரைப்பாடல்களைப் பின்னணியில் போட்டால் பதிப்புரிமைச் சிக்கல் வரும் என்பதை விளக்கியதோடு நிறுத்தாமல், அதற்கு மாற்றாக எதைப் பயன்படுத்தலாம் என்பதையும் நம் மண்ணிலிருந்தே காட்டியது நல்ல பாடம்.

படத்தொகுப்புதான் முகாமின் பெரிய குறை. தொடக்கம் மிக அருமையாக இருந்தது. ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் செய்துகாட்டிய பரிசோதனையைப் பிள்ளைகளையே செய்ய வைத்தார்கள். எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு பையனின் முகத்தை ஒரே ஒருமுறை எடுத்து, அதை அடுத்து ஒரு தட்டு அல்வா, ஒரு மதிப்பெண் பட்டியல், மாலை போட்ட ஒரு புகைப்படம் ஆகியவற்றைத் தனித்தனியாக ஒட்டிக் காட்டினார்கள். அதே முகம் ஒருமுறை பசித்ததாகவும், ஒருமுறை பயந்ததாகவும், ஒருமுறை துக்கத்தில் இருப்பதாகவும் தோன்றியது. பார்ப்பவரின் மனமே பாதிப் படத்தைச் செய்கிறது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

ஆனால் அதற்குப் பிறகு 22 பிள்ளைகளுக்கு நான்கே மடிக்கணினிகள். ஒரு கணினியைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்தால், கையில் மவுஸ் வைத்திருப்பவர் ஒருவர், அருகில் இருந்து யோசனை சொல்பவர் ஒருவர், மற்றவர்கள் வெறுமனே இருப்பவர்கள். சீட்டுக் குலுக்கல் இங்கே மட்டும் கைவிடப்பட்டது. ஏற்கெனவே கணினி தெரிந்த பிள்ளைகளே மூன்று நாளும் மவுஸைப் பிடித்தார்கள். அவர்கள் பயன்படுத்திய டாவின்சி ரிசால்வ் இலவசமாகக் கிடைக்கும் சிறந்த படத்தொகுப்பு மென்பொருள்தான்; ஆனால் அதற்குத் திறன் வாய்ந்த கணினி வேண்டும். 4கே அளவில் எடுத்த காட்சிகளை அப்படியே ஏற்றியதால் கணினிகள் அடிக்கடி உறைந்து நின்றன. நிமிடத்துக்குச் சில நூறு எம்பி ஆகும் அந்தக் காட்சிகளை முதல் நாளிலேயே அதைவிடச் சிறிய 1080 அளவில் எடுக்கச் சொல்லியிருந்தால், அல்லது தொகுப்புக்கென்று சிறிய நகல்களை உருவாக்கிக்கொண்டிருந்தால், இரண்டு முழு நாட்கள் மிச்சமாகியிருக்கும். ஒன்பதாம் நாள் மாலை நேரமில்லாமல் போகவே, இரண்டு குழுக்களின் படங்களைப் பயிற்றுநர்களே இரவில் தொகுத்து முடித்தார்கள். அந்தக் குழுக்களில் ஒன்று என் அண்ணன் மகனுடையது. மறுநாள் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு அத்தை, ஆனா எங்க படம் இல்ல" என்றான். சென்ற ஆண்டு என் மகள் கேட்ட கேள்வியே வேறு சொற்களில் திரும்பி வந்தது. முடியாத படத்தை முடியாத படமாகவே திரையிட்டிருக்கலாம். பெற்றோர்களாகிய நாங்கள் அதைப் பொறுமையோடு பார்த்திருப்போம். அவ்வளவு அக்கறையோடு எட்டு நாள் நடத்திய பயிற்றுநர்கள், பெற்றோர் முன்னிலையில் நிறைவான படம் காட்ட வேண்டும் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுத்துவிட்டார்கள் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. அவர்களிடம் நேரிலும் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. படப்பிடிப்பின்போது எடுத்த பிள்ளைகளின் படங்களை ஆறாம் நாளே இன்ஸ்டாகிராமில் ஏற்றியிருந்தார்கள். எங்களிடம் கேட்கவில்லை. ஆச்சியின் ஒப்புதலை அவ்வளவு மதிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள், பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் முகத்தை ஒப்புதலின்றி ஏற்றியது பொருந்தாத செயல். சொன்ன ஒரு மணி நேரத்துக்குள் நீக்கிவிட்டார்கள். சேர்க்கைப் படிவத்திலேயே இதற்கு ஒரு கேள்வி இருந்திருக்க வேண்டும்.

இறுதி நாள் திரையிடலைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. ஐந்து படங்களும் சேர்ந்து 19 நிமிடங்கள். அதற்கு முன் நடந்த வாழ்த்துரைகள் ஐம்பது நிமிடங்கள். படங்களுக்குப் பிறகு பிள்ளைகளை மேடையேற்றிக் கேள்வி கேட்க நேரம் இல்லாமல் போயிற்று. ஆச்சியும் வந்திருந்தார், தன் குரல் ஒலித்தபோது பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். சான்றிதழோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் குழு எடுத்த அத்தனை காட்சிகளையும், வெட்டாத நிலையில், ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். சான்றிதழ் அலமாரிக்குள் போய்விட்டது. அண்ணன் மகன் அந்தக் காட்சிகளை வைத்துத் தன் படத்தைக் கைப்பேசியிலேயே மறுபடி தொகுத்துக்கொண்டிருக்கிறான். பயிற்றுநர்கள் தொகுத்ததைவிட ஒரு நிமிடம் நீளமாக இருக்கிறது, அவனுக்கு அதுதான் வேண்டுமாம்.

கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். பத்து நாளுக்கு 4,500 ரூபாய் என்பது கிடைத்த உழைப்புக்கு அதிகமில்லை. ஆனால் அந்த 22 பேரில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர் மட்டுமே. அவர்களைக் கட்டணமின்றிச் சேர்த்திருந்தார்கள். வில்லுப்பாட்டுக் குழுவுக்குக் கிராமத்தில் வழிகாட்டியதும் கலைஞர்களிடம் பேசி ஒப்புதல் பெற்றுத் தந்ததும் அந்த இருவரில் ஒருவர்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்குச் சிறார் திரைப்படங்களைத் திரையிடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022 இல் தொடங்கியது. பார்த்துப் பழகிய அந்தப் பிள்ளைகளுக்கு எடுத்துப் பழகவும் வாய்ப்பு வேண்டும். முகாமுக்குத் தேவைப்பட்டவை கைப்பேசி, வேட்டி, தெர்மாகோல், இருட்டறை, பொறுமையுள்ள ஓர் ஆசிரியர் ஆகியவையே என்பதைப் பார்த்த பிறகு, பள்ளிகளிலேயே கோடை விடுமுறையில் இதை நடத்தலாம் என்று உறுதியாக நம்புகிறேன். குறைந்தது, இத்தகைய முகாம்கள் இலவச இடங்களை இரண்டிலிருந்து ஐந்தாக உயர்த்த வேண்டும். அதற்காக எங்களிடம் கூடுதலாக ஐந்நூறு ரூபாய் கேட்டால் நான் தருவேன்.

பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்த முகாம் ஏற்றதல்ல. நாள்தோறும் ஐந்தரை மணி நேர உழைப்பு, அதில் பாதி வெயிலில். தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் கட்டாயம் கொடுத்தனுப்ப வேண்டும். சேர்ப்பதற்கு முன் ஒரு கணினிக்கு எத்தனை பிள்ளைகள், படத்தொகுப்பைக் கடைசி வரை செய்வது யார், வெட்டாத காட்சிகளைக் கையில் கொடுப்பார்களா, படங்களை எங்கே வெளியிடுவார்கள், பெண் பயிற்றுநர் எல்லா நாளும் இருப்பாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். என்ன கேமரா வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. அடுத்த கோடைக்கு இதே முகாமில் மகளை மீண்டும் சேர்க்க இருக்கிறேன். மடிக்கணினிகளைப் பத்தாக உயர்த்துவதாகவும், தொகுப்பிலும் சீட்டுக் குலுக்கப் போவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். பணம் கட்டுமுன் அவ்விரண்டையும் மறுபடி கேட்டுக்கொள்வேன்.